அன்பளிப்புக் குழாய்கள்

மார்ச் 24

அக்காவுக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்கு மனம் வரவில்லை. நீயும் அதை எதிர்பார்த்திருக்க மாட்டாய். போனை எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால்தான் எழுதுகிறேன்.

நான்கு நாளாக நம் குழாய்க் கடை பூட்டிக் கிடக்கிறது. நீ பெட்டியோடு மகள் வீட்டுக்குப் பஸ் ஏறியது எனக்குப் பக்கத்துப் பெயிண்ட் கடைக்காரர் சொல்லித்தான் தெரியும். "என்ன தலைவரே, அக்கா ஊருக்கா?" என்று அவர் கேட்கிறார். நான் பேந்தப் பேந்த முழிக்கிறேன். பதினோரு வருஷமாக இந்த நகரத்துக்குத் தலைவன். எந்தத் தெருவில் எந்த விளக்கு எரியவில்லை என்று சொல்லத் தெரிந்தவனுக்குத் தன் அக்கா வீட்டில் இல்லை என்பது தெரியவில்லை. ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்?

ஊர்க் கூட்டத்தில் நான் பேசியதற்காகத்தான் போனாய் என்று தெரியும். ஆனால் நன்றாக நினைத்துப் பார். உன் பெயரை நான் சொன்னேனா? "எங்கள் கடையில் பொறுப்பில் இருந்தவர்களின் கவனக்குறைவால் தவறு நேர்ந்துவிட்டது, அவர்களை விலக்கிவிட்டேன்" என்றுதான் சொன்னேன். முந்நூறு பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவன் செருப்பைக் கழற்றிவிட்டான். பள்ளிக்கூடத் தெருவில் புதுக் குழாய்த் தண்ணீர் குடித்த முப்பத்தொன்பது பேருக்கு மஞ்சள் காமாலை. நம் கடையில் பன்னிரண்டு வருஷமாகச் சுமை தூக்குகிறவன், உயரத்தைப் பார்த்து எல்லாரும் ஒட்டகம் என்று கூப்பிடுகிறோமே, அவன் மனைவி, வயிற்றில் ஏழு மாதப் பிள்ளையோடு போய்ச் சேர்ந்துவிட்டாள். அந்த இடத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நீயே சொல்.

ஏப்ரல் ஒன்பதாம் தேதி மேலிடத்து அதிகாரி வந்து விசாரிக்கிறார். அதற்குள் நீ வந்து கடையைத் திற. கடை மூடிக் கிடந்தால் நாமே குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி இருக்கிறது என்கிறார் வக்கீல். அதுவரை யாரிடமும் எதுவும் பேசாதே.

தம்பி


மார்ச் 28

தம்பிக்கு,

உன் கடிதத்தை மகள் படித்துவிட்டு, "மாமா உன்னைக் கூப்பிடறாரா, உத்தரவு போடறாரா?" என்று கேட்டாள். எனக்கும் விளங்கவில்லை.

என் பெயரைச் சொல்லவில்லையாம். நம் கடையில் "பொறுப்பில் இருந்தவர்கள்" எத்தனை பேரடா? உன் அத்தான் போன பிறகு, கைக்குழந்தையோடு வந்து அந்த முக்காலியில் உட்கார்ந்தவள் நான். இருபத்தாறு வருஷம். நீ வாசல் வழியாக உள்ளே வந்து, ஒரு டீ குடித்துவிட்டு, "அக்கா, மீட்டிங் இருக்கு" என்று மறுபடி வெளியே போவாய். உன் வெள்ளைச் சட்டை கசங்காமல் இருந்ததற்குக் காரணம், என் புடவையில் கிரீஸ் பட்டதுதான். ஊரில் ஒருவர் விடாமல் தெரியும், கடை என்றால் அக்கா, நகராட்சி என்றால் தம்பி. "விலக்கிவிட்டேன்" என்று நீ சொன்னதும் முன்வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்பி மூன்றாவது வரிசையில் இருந்த என்னைப் பார்த்தார்கள். நீ மட்டும் பார்க்கவில்லை. கையில் இருந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

யாரிடமும் பேசாதே என்கிறாய். சரி, உன்னிடமே பேசுகிறேன்.

ஜனவரியில் என்ன நடந்தது? பள்ளிக்கூடத் தெருவுக்கு வர வேண்டிய குடிநீர்க் குழாய் வந்து சேர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். நீ திறப்பு விழாவுக்கு அமைச்சரிடம் தேதி கொடுத்திருந்தாய். "பரவால்ல, நம்ம கடைலேர்ந்து நான் அன்பளிப்பாக் கொடுத்துடறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்து குடோனில் நின்றாய். அங்கே இருந்தது கழிவுநீருக்குப் போடும் மெல்லிய குழாய். நான் விரலால் தட்டிக் காட்டினேன். "இது தண்ணி வடியத்தான் தாங்கும், மோட்டார் தள்ளுற வேகத்துக்குத் தாங்காது. அதுலயும் சாக்கடைக்கு அடில போகுது, மூட்டு விட்டா மொத்தமும் உள்ள இழுத்துக்கும்" என்று சொன்னேனா இல்லையா? நீ என்ன சொன்னாய்? வாடிக்கையாளர்கள் நான்கு பேர் நிற்கும்போது, "அக்கா, உனக்கு விக்கத் தெரியும், ஒரு ஊர நடத்தத் தெரியாது" என்றாய்.

அந்தத் தெருமுனையில் கல்வெட்டு வைத்தாயே, "நகரத் தலைவரின் அன்பளிப்பு" என்று. அதிலும் கடைப் பொறுப்பாளரின் அன்பளிப்பு என்று போட்டிருக்கலாமே. பேருக்கு மட்டும் நீ, பழிக்கு நானா?

கடையைத் திறக்க நான் வர மாட்டேன்.

அக்கா


ஏப்ரல் 1

அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் ரத்தம் கொதித்தது.

பேருக்காகச் செய்தேன் என்கிறாய். மழை வெள்ளத்தில் கீழத்தெரு மூழ்கியபோது கழுத்தளவு தண்ணீரில் நின்று மோட்டார் போட்டது பேருக்கா? அந்த மோட்டார்கள் எல்லாம் நம் கடையில் விற்பனைக்கு வைத்திருந்தவை, நீயே எடுத்துக் கொடுத்தாய். நூலகம் கட்ட இடமில்லை என்றபோது அப்பா வாங்கிப் போட்ட மனையை எழுதிக் கொடுத்தது பேருக்கா? என் சம்பந்தி வீட்டார் வந்து உட்கார்ந்திருக்க, நான் தகன மேடையில் விறகு நனைந்துவிட்டது என்று ஓடியிருக்கிறேன். யாரோ ஒரு அநாதைப் பிணத்துக்கு. என் மனைவி இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள். பத்தொன்பது வயதில் இந்த ஊரில் தண்ணீர்க் குடத்துக்காக இரண்டு பெண்கள் மண்டையை உடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். அன்றிலிருந்து எனக்கு இருந்தது ஒரே வெறிதான், வீட்டுக்கு வீடு குழாய். அதில் கடைசியாக மிச்சம் இருந்தது அந்த ஒரு தெரு. ஒரே ஒரு தெரு, அக்கா.

சரி, நீ தட்டிக் காட்டினாய், எச்சரித்தாய். பிறகு என்ன செய்தாய்? குடோன் சாவியை மேஜையில் விட்டெறிந்து, "என்னமோ பண்ணித் தொலை" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாய். அந்தச் சாவியை நீ கொடுக்காமல் இருந்திருந்தால்? கழிவுநீர்க் குழாய் என்று தெரிந்தே சாவியை எறிந்தவளுக்கு இதில் ஒரு பங்கும் இல்லையா? நினைத்துப் பார்.

இனி சண்டை வேண்டாம். வக்கீல் ஒரு வழி சொல்கிறார். குடோனில் குடிநீர்க் குழாய்க் கட்டும் பக்கத்தில்தான் இருந்தது, ஏற்றிய ஆள் மாற்றி ஏற்றிவிட்டான் என்று சொன்னால், அது கை தவறி நடந்ததாக ஆகிவிடும். கடைக்கும் நகராட்சிக்கும் பெரிய சிக்கல் வராது. ஒட்டகம் சுமை தூக்குகிறவன், படிக்கத் தெரியாதவன், அவனை யாரும் தண்டிக்க மாட்டார்கள். மனைவியை இழந்தவன் மேல் அதிகாரிக்கும் இரக்கம் வரும். அவன் குடும்பத்தை நான் கடைசி வரை பார்த்துக்கொள்கிறேன், சத்தியம். நீ அப்படி ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும். வரக்கூட வேண்டாம்.

தம்பி


ஏப்ரல் 4

உன்னை என்ன சொல்லி அழைப்பது என்று தெரியவில்லை.

உன் கடிதத்தைப் பால்கனியில் வைத்துத்தான் படித்தேன். படித்து முடித்ததும் ஆறாவது மாடியிலிருந்து வீசி எறியத் தோன்றியது. கீழே யாராவது எடுத்துப் படித்துவிடுவார்களோ என்ற வெட்கத்தில் மடித்து வைத்துவிட்டேன்.

அந்தக் குழாய்களைத் தோளில் வைத்துத் தன் தெருவுக்கே சுமந்துகொண்டு போனவன் அவன். வண்டி சந்துக்குள் போகாது என்று எட்டு நடை நடந்தான். "நம்ம வாசலுக்கே தண்ணி வருதும்மா, இனிமே அவ குடம் தூக்க வேணாம்" என்று பல்லெல்லாம் தெரியச் சொல்லிவிட்டுப் போனான். அவள் அந்தக் குழாயைத் திறந்து குடித்தாள். இப்போது அவன் தலையில் அந்தப் பழியையும் கட்டப் பார்க்கிறாய். இரக்கம் வருமாம், இரக்கம்! அவன் மனைவி செத்தது உனக்கு வசதியாகப் போய்விட்டது, இல்லையா?

இப்படி எழுதக் கூடாதுதான். எழுதிவிட்டேன், அடித்துத் திருத்த மாட்டேன்.

சாவியைப் பற்றிக் கேட்டாய். அதற்குப் பதில் சொல்லாமல் நழுவ மாட்டேன். நான் எறிந்தேன். நான்கு பேர் முன்னால் நீ என்னை அப்படிச் சொன்ன ஆத்திரத்தில், "பட்டால்தான் இவனுக்குப் புத்தி வரும்" என்று நினைத்தேன். நீ படுவாய் என்றுதான் நினைத்தேன். குழாய் விழாவன்றே பீய்ச்சி அடித்து, அமைச்சர் முன்னால் நீ நனைந்து நிற்பாய் என்று மனசுக்குள் சிரித்துக்கூடக் கொண்டேன். என் பங்கு அதுதான். உனக்கு வர வேண்டும் என்று நான் நினைத்த அவமானம் அவள் வயிற்றுக்குள் போய் இறங்கிவிட்டது. அவள் இறந்த மார்ச் பத்தாம் தேதியிலிருந்து நான் எந்த வேளையும் ஒழுங்காகச் சாப்பிட்டதில்லை. மகளிடம்கூட இதைச் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன். நீ அதை எடுத்து என்னையே அடிப்பாய் என்று தெரிந்தும் சொல்கிறேன்.

கையெழுத்துப் போட மாட்டேன். ஒன்பதாம் தேதி காலை வண்டிக்கு வந்து, அதிகாரி முன்னால் நின்று, நீ சொன்னதையும் நான் செய்ததையும் இரண்டையும் சொல்வேன். வக்கீலை ஒட்டகத்தின் வீட்டுப் பக்கம் அனுப்பிவிடாதே. அனுப்பினாய் என்று தெரிந்தால் நமக்குள் இனி ஒரு வார்த்தை கிடையாது.

அக்கா


ஏப்ரல் 8

அக்காவுக்கு,

இதை நீ எந்த மனநிலையில் படிப்பாய் என்று தெரியவில்லை. விசாரணை நேற்றே முடிந்துவிட்டது. ஒன்பதை ஏழாக மாற்றிவிட்டார்கள். மாற்றச் சொன்னது வக்கீல். எனக்குத் தெரியும். நீ வந்துவிடக் கூடாது என்று உனக்குச் சொல்லவில்லை. அதற்கு முதலில் கோபப்பட்டுவிடு, பிறகு மீதியைப் படி.

மன்றக் கூடத்தில்தான் நடந்தது. என் நாற்காலியில் அதிகாரி உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடத் தெருவே திரண்டு வந்து சுவரோரமாக நின்றது. முதலில் ஒட்டகத்தைக் கூப்பிட்டார்கள். சட்டைப் பித்தானை ஒன்று மாற்றிப் போட்டிருந்தான், ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கிக் கிடந்தது. அவ்வளவு உயரமானவன், கூனிக்கொண்டு நின்றான்.

"எந்தக் குழாய்க் கட்டை ஏற்றச் சொன்னார்கள்?" என்று அதிகாரி கேட்டார்.

"நல்ல கட்டுதான் சார் ஏத்தச் சொன்னாங்க. நான்தான் தெரியாம மாத்தித் தூக்கிட்டேன். ஐயா மேல ஒரு தப்பும் இல்ல" என்றான்.

சொல்லிக் கொடுத்ததை ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னான், அக்கா. சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. சுவரோரமாக நின்ற அவன் மாமியார், "அடப் பாவி, நீதானா?" என்று கத்தினாள். அந்தக் குரலைக் கேட்டதும் என்னால் உட்கார முடியவில்லை. வக்கீல் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். உதறிவிட்டு எழுந்தேன்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அது கழிவுநீர்க் குழாய் என்று தெரிந்தே நான்தான் கை காட்டினேன், என் அக்கா வேண்டாம் என்று தடுத்தாள், விழாத் தேதிக்காக நான்தான் கேட்கவில்லை, இவன் மேல் போட்டது பொய், கூட்டத்தில் அக்கா மேல் போட்டதும் பொய். தலைவர் பதவியிலிருந்து விலகும் கடிதத்தை அங்கேயே எழுதிக் கொடுத்தேன்.

பிறகு கடைசி வரிசையிலிருந்து ஒருவர் கைதட்டினார். அப்புறம் இன்னொருவர். கூடம் முழுக்கத் தட்டினார்கள், அக்கா. பெயிண்ட் கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மனுஷன்யா நீ" என்று யாரோ என் தோளைத் தட்டினார்கள்.

வழக்கு வரும் என்கிறார்கள். வரட்டும். இப்போதாவது உன் கோபம் தணியும் என்று நினைக்கிறேன். திரும்பி வா.

தம்பி


ஏப்ரல் 13

தம்பிக்கு,

தணியவில்லை.

நீ உண்மையைச் சொன்னாய். சொன்னதற்காக நான் உன்னைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் உன் கடிதத்தில் எந்த இடத்தில் எழுத்து பெரிதாகிறது என்று நீயே எடுத்துப் பார். கைதட்டிய இடத்தில்.

கைதட்டாத ஒருவன் எனக்கு நேற்று போன் செய்தான். பன்னிரண்டு வருஷத்தில் ஒட்டகம் எனக்குப் போன் செய்வது இதுதான் முதல் தடவை. அவன் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"நான் சொன்னது பொய்தாம்மா. ஆனா வக்கீல் எங்க வீட்டுக்கு ரெண்டு தடவ வந்தாரு. ஐயா அனுப்பித்தான வந்தாரு? அப்பவே வேணாம்னு சொல்லியிருக்கலாம்ல? அந்த ரெண்டு நாளு எனக்கு எப்படிப் போச்சு தெரியுமா? என் பொண்டாட்டியக் கொன்னவன் நான்தான்னு ஊரு முன்னாடி சொல்லப் போறேன்னு அவ படத்து முன்னாடி உக்காந்து சொல்லிப் பாத்தேம்மா, திக்கக் கூடாதேன்னு. என்னைச் சொல்ல விட்டுட்டு, சொல்லி முடிச்சப்புறம் எந்திரிச்சாரு. எல்லாரும் அவருக்குக் கைதட்டுறாங்க. நான் நடுவுல நிக்கிறேன். உக்காருன்னும் சொல்லல, போன்னும் சொல்லல."

அதோடு போனை வைத்துவிட்டான்.

நீ ஒரு கடிதம் கொடுத்துவிட்டுப் பெரிய மனுஷன் ஆகிவிட்டாய். வெள்ளத்தில் நின்றபோதும் உனக்குக் கைதட்டினார்கள், மனையைக் கொடுத்தபோதும் கைதட்டினார்கள், ஒரு பெண்ணைக் கொன்றேன் என்று ஒப்புக்கொண்டபோதும் கைதட்டியிருக்கிறார்கள். இந்த ஊர் உன்னைக் கெடுத்துவிட்டது. நானும் சேர்ந்துதான் கெடுத்தேன்.

அவன் வீட்டுக்குப் போ. வக்கீல் வேண்டாம், பெயிண்ட் கடைக்காரர் வேண்டாம், வெள்ளைச் சட்டை வேண்டாம். அவன் திட்டினால் வாங்கிக்கொள். அடித்தாலும் வாங்கிக்கொள். அதை வந்து யாரிடமும் சொல்லாதே. நான் நாளைக்கே அவனைப் பார்க்க வருகிறேன், ஆனால் உன் வீட்டில் தங்க மாட்டேன். வந்தால் உன்னைப் பார்க்கும் உத்தேசமும் இல்லை.

அக்கா


ஏப்ரல் 21

அக்காவுக்கு,

நீ வந்துவிட்டுப் போனதாகக் கேள்விப்பட்டேன். ஒரே ஊரில் இருந்துகொண்டு அக்காவும் தம்பியும் பார்த்துக்கொள்ளவில்லை. சரி. கேட்கும் உரிமை எனக்கு இல்லை.

யாரிடமும் சொல்லாதே என்றாய். உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

போனேன். அவன் வெளியே வந்து வாசற்படியிலேயே நின்றான். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. வழி நெடுகத் தயார் செய்துகொண்டு போன வார்த்தைகளில் ஒன்றும் வரவில்லை. "வக்கீலை நான்தான் அனுப்பினேன்" என்றேன். "தெரியும்" என்றான். "ரெண்டாவது தடவையும் நான்தான் அனுப்பினேன்" என்றேன். "இனிமே உங்க கடைல தூக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். அடித்திருக்கலாம். அடித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும் என்று அவனுக்கும் தெரிந்திருக்கிறது.

திரும்பி நடந்தபோது அவன் மாமியார் காலிக் குடங்களை வரிசையில் வைத்துக்கொண்டிருந்தாள். தெருக் குழாயைத் துண்டித்துவிட்டார்கள், லாரித் தண்ணீர் இரண்டு நாளுக்கு ஒரு முறைதான். என்னைத் திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். "எங்க தெருவுக்குப் புதுக் குழா எப்பப் போடுவாங்க?" என்று கேட்டாள்.

"நான் இப்பத் தலைவர் இல்லம்மா" என்றேன்.

"அத நான் என்ன பண்றது? அப்ப யார்கிட்டக் கேக்கறது?"

அங்கேயே உட்கார்ந்து ஒரு மனு எழுதினேன். அவள் வீடு வீடாகப் போய் முப்பத்தாறு கையெழுத்து வாங்கி வந்தாள். மூன்று வீட்டில் நான் எழுதிய தாளில் கையெழுத்துப் போட மாட்டோம் என்றுவிட்டார்கள்.

இன்று காலை அவளும் நானும் நகராட்சிக்குப் போனோம். வெளியே பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அந்தப் பெஞ்சுக்கு முதுகுப் பலகை இல்லை என்பது இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரியாது. நான் வேலைக்குச் சேர்த்துவிட்ட குமாஸ்தா வந்து, "இன்னிக்கு அஞ்சு மனு ஆயிடுச்சு சார், வெள்ளிக்கிழமை வாங்க" என்றான். ஒரு நாளைக்கு ஐந்துக்கு மேல் வாங்கக் கூடாதென்று யார் சொன்னது என்று கேட்டேன். "கூட்டம் சேருதுன்னு நீங்கதான சார் போட்டீங்க" என்றான்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டு வந்தவர்களை வெள்ளிக்கிழமை வா என்பதா என்று எழுந்து கத்தினேன். அங்கே இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மாள் என் கையைப் பிடித்து இழுத்து மறுபடி பெஞ்சில் உட்கார வைத்தாள்.

"சத்தம் போடாதீங்க" என்றாள். "அப்புறம் நம்ம மனுவ எடுக்க மாட்டாங்க."

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கே போய் உட்காரலாம் என்று பேசியிருக்கிறோம்.

தம்பி